மனிதன் சுதந்திரமானவனா? சிந்தனையிலிருந்து தொடங்கிப் பார்ப்போம் (புதியவர்களுக்கான இழை)

வினாக்குறி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் தத்துவத்தை முறையாகப் படித்தவன் இல்லை. ஒரு மாதமாக ஒரே கேள்வி மனதைக் குடைகிறது, அதனால்தான் இங்கே வந்தேன்.

வேலையை விட்டுவிடுவது என்று முடிவு செய்து கடிதம் எழுதினேன். எழுதி முடித்து, அனுப்பும் முன் ஒருமுறை படித்துப் பார்த்தேன். "தன்மானத்தை விட்டுச் சம்பளம் வேண்டாம்" என்று ஒரு வரி. அது அப்பா அடிக்கடி சொல்வது. "இந்த வயதில் துணியாவிட்டால் எப்போது?" என்று இன்னொரு வரி. அது நண்பன் சொன்னது. மூன்றாவது வரியை எங்கோ காணொளியில் கேட்டிருக்கிறேன். கடிதம் முழுக்கத் தேடினேன், என்னுடையது என்று சொல்ல ஒரு வரிகூட இல்லை. அதன்பின் அதை அனுப்பக் கை வரவில்லை. இன்னும் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது.

என் கேள்வி இதுதான். நான் எடுக்கும் முடிவு நான் எடுப்பதுதானா? இதற்கு எங்கிருந்து படிக்கத் தொடங்குவது? கலைச்சொற்களைக் கொஞ்சம் குறைத்துச் சொன்னால் நன்றி உடையவனாவேன்.

கூழாங்கல் எழுதியது:

நண்பரே, உங்களுக்கு நேர்ந்ததை 1674-லேயே ஒரு தத்துவஞானி எழுதிவைத்திருக்கிறார். ஸ்பினோசா. ஒரு கடிதத்தில் அவர் சொல்லும் உவமை இது. யாரோ ஒரு கல்லை எறிகிறார்கள். பறந்துகொண்டிருக்கும்போது அந்தக் கல்லுக்கு நினைவு வந்துவிடுகிறது. தான் நகர்வது அதற்குத் தெரிகிறது, நகரவே தான் ஆசைப்படுவதும் தெரிகிறது. எறிந்த கை மட்டும் தெரியாது. அந்தக் கல் என்ன நினைக்கும்? "என் விருப்பப்படி பறக்கிறேன்" என்றுதான் நினைக்கும். மனிதர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் சுதந்திரம் இதுதான் என்கிறார் ஸ்பினோசா. ஆசையை அறிகிறோம், ஆசையின் காரணத்தை அறிவதில்லை.

என் புனைபெயர் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும். பத்து வருடமாக இந்த உவமையோடு வாழ்கிறேன். இதுவரை யாரும் இதை முழுதாக உடைத்து நான் பார்த்ததில்லை. நீங்கள் செய்ததில் ஒரு விசேஷம் உண்டு. பறக்கும்போதே திரும்பி, எறிந்த கைகளைப் பார்த்துவிட்டீர்கள்.

நரம்பியல் மாணவி எழுதியது:

கூழாங்கல் சொன்னதற்கு ஆய்வகத்திலிருந்து ஒரு துணைச்சான்று. 1983-இல் மூளை ஆய்வாளர் பெஞ்சமின் லிபெட் குழு வெளியிட்ட சோதனை இது. பங்கேற்பவர் தலையில் மின்முனைகள், எதிரே 2.56 நொடியில் ஒரு சுற்று சுற்றும் ஒளிப்புள்ளி. "தோன்றும்போது மணிக்கட்டை அசையுங்கள். அசைக்கவேண்டும் என்று எப்போது தோன்றியது, புள்ளி எங்கே இருந்தது, அதைச் சொல்லுங்கள்" என்பதே பணி. அசைவுக்கு ஏறக்குறைய 200 மில்லிநொடி முன்பு எண்ணம் எழுந்ததாகப் பங்கேற்றவர்கள் சொன்னார்கள். மூளை அசைவுக்கு ஆயத்தமாவதைக் காட்டும் மின் அலை, அசைவுக்கு ஏறக்குறைய 550 மில்லிநொடி முன்பே தொடங்கியிருந்தது. அதாவது "நான் நினைத்தேன்" என்பதற்கு முன்பே மூளை கிளம்பிவிட்டது.

ஆனால் இதை மட்டும் சொல்லி நிறுத்துவது நேர்மை இல்லை. 2012-இல் ஷர்கர் குழுவினர் வேறு விளக்கம் தந்தார்கள். அந்த அலை எடுத்து முடித்த முடிவாக இருக்கவேண்டியதில்லை. மூளையில் எப்போதும் ஏறி இறங்கும் இரைச்சல் ஓர் எல்லையைத் தொடும்போது அசைவு நிகழ்கிறது, அசைவிலிருந்து பின்னோக்கிச் சராசரி எடுத்தால் அது மெல்ல ஏறும் அலைபோலத் தெரியும் என்றார்கள். 2019-இல் இன்னொரு ஆய்வு. எந்தத் தொண்டு நிறுவனத்துக்கு 1000 டாலர் போகவேண்டும் என்று யோசித்துத் தேர்வு செய்யச் சொன்னார்கள். இன்னொரு பகுதியில், எதைத் தொட்டாலும் விளைவு ஒன்றே. விளைவில்லாத தேர்வில் அந்த அலை வந்தது. யோசித்து எடுத்த முடிவில் அது இல்லை, அல்லது மிகவும் மங்கியிருந்தது.

ஆகவே லிபெட் சோதனையைக் காட்டி "சுதந்திரம் செத்துவிட்டது" என்று யாராவது சொன்னால், அவசரப்பட்டு நம்பவேண்டாம். பிழைத்துவிட்டது என்றும் நான் சொல்லவில்லை.

பழைய வாசகர் எழுதியது:

தம்பி வினாக்குறி, முதலில் ஒன்று. அந்தக் கடிதத்தைக் கிழித்துவிடாதீர்கள். தத்துவம் கற்க இதைவிட நல்ல பாடநூல் உங்களுக்குக் கிடைக்காது.

மேலே இருவர் சொன்னதையும் வைத்துக்கொண்டு, எனக்கு வழி திறந்துவிட்ட ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ருடால்ஃப் ஸ்டெய்னர். 1861-இல் அன்றைய ஆஸ்திரியப் பேரரசில் பிறந்தவர். ஜெர்மனியின் வைமார் நகரில், கவிஞர் கதேயின் ஆவணக் காப்பகத்தில் வேலை பார்த்த காலத்தில் சுதந்திரத்தின் தத்துவம் என்று ஒரு நூல் எழுதினார். நூலில் அச்சாகியிருக்கும் ஆண்டு 1894, திருத்திய பதிப்பு 1918. இருபது வருடத்துக்கு மேலாக அந்த நூலைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். சில அத்தியாயங்கள் இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. பிடிபட்டதைச் சொல்கிறேன்.

ஸ்பினோசாவின் கல்லை அவர் முதல் அத்தியாயத்திலேயே எடுத்துக்கொள்கிறார். கேட்பது ஒரு எளிய கேள்வி. செய்வதெல்லாம் ஒரே இனமா? பசியில் அழும் குழந்தை, போதையில் உளறுபவன், ஒரு சிக்கலை நாள்கணக்கில் ஆராயும் விஞ்ஞானி, எல்லோரையும் ஒரே கூடையில் போடலாமா? காரணம் தெரியாமல் செய்வதற்கும், காரணத்தை அறிந்து, அதை ஊடுருவிப் பார்த்துவிட்டுச் செய்வதற்கும் வேறுபாடு உண்டா, இல்லையா? உண்டு என்றால், "மனிதன் சுதந்திரமானவனா" என்ற கேள்வியே பிழையாக அமைந்துவிட்டது. "இந்தச் செயலில் நான் சுதந்திரமாக இருந்தேனா" என்று செயலுக்குச் செயல் கேட்கவேண்டும். என்னைக் கேட்டால், இந்த ஒரு திருப்பத்துக்காகவே அந்த நூலைப் படிக்கலாம்.

அப்படியானால் காரணத்தை அறிவது என்றால் என்ன? அறிவது சிந்தனையின் வேலை. எனவே சிந்தனை என்றால் என்ன என்று பார்க்காமல் சுதந்திரத்தைப் பற்றிப் பேச முடியாது. சுதந்திரம் பற்றிய நூல் சிந்தனையிலிருந்து தொடங்குவது இதனால்தான்.

இங்கே ஒரு விசித்திரம். மரத்தைப் பார்க்கலாம், வலியைக் கவனிக்கலாம், கோபம் எழுவதைக்கூடக் கவனிக்கலாம். சிந்தித்துக்கொண்டிருக்கும் சிந்தனையை மட்டும் அதே நொடியில் பார்க்க முடியாது. அதன் வழியாக வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருப்போம். அது முடிந்தபின் திரும்பிப் பார்க்கத்தான் முடியும். கண்ணாடி போட்டிருப்பவர் கண்ணாடியைக் கழற்றினால்தானே கண்ணாடியைப் பார்க்க முடியும்? அதுபோல.

சொல்லிப் புரியவைப்பதைவிடச் செய்து பார்ப்பது நல்லது. தாள், பேனா எடுங்கள்.

ஒரு புள்ளி வையுங்கள். அது 1. அடுத்த ஒற்றைப்படை எண் 3. அந்த மூன்று புள்ளிகளில் ஒன்றை வலப்பக்கம், ஒன்றைக் கீழே, ஒன்றை மூலையில் வையுங்கள். இரண்டுக்கு இரண்டு சதுரம் கிடைக்கும், மொத்தம் 4. அடுத்து 5. வலப்பக்கம் இரண்டு, கீழே இரண்டு, மூலையில் ஒன்று. மூன்றுக்கு மூன்று, மொத்தம் 9. அடுத்து 7 வைத்தால் 16. ஒற்றைப்படை எண்களை வரிசையாகக் கூட்டினால் எப்போதும் வர்க்க எண்ணே வரும். இதைப் பள்ளியில் மனப்பாடம் செய்திருப்பீர்கள்.

இப்போது ஏன் என்று கேளுங்கள். அவசரம் வேண்டாம், சதுரத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். ஒரு நொடியில் தெரியும். சதுரம் ஒரு படி வளர அதன் இரண்டு கரைகளிலும் ஒவ்வொரு வரிசை வேண்டும், கூடவே மூலைக்கு ஒரு புள்ளி. இரண்டு கரைகளும் சமம், மூலைக்கு ஒன்று கூடுதல். அதனால் சேர்ப்பது எப்போதும் ஒற்றைப்படை. கரை ஒவ்வொரு முறையும் ஒன்று நீள்வதால் அடுத்த சேர்க்கையில் இரண்டு கூடும்.

தெரிந்த அந்த நொடியைத் திரும்பிப் பாருங்கள். யார் சொல்லி ஏற்றீர்கள்? நான் சொன்னேன் என்பதாலா? இல்லை. நான் சொல்வது பொய்யாக இருந்தால் அதே சதுரத்தை வைத்து நீங்களே என்னைத் திருத்தியிருப்பீர்கள். பழக்கமா, பயமா, ஆசையா? எதுவும் தள்ளவில்லை. ஒரு கருத்து இன்னொன்றோடு ஏன் சேர்கிறது என்பது அந்தக் கருத்துகளுக்குள்ளேயே வெளிச்சமாகத் தெரிகிறது. அந்த நேரத்தில் மூளையில் என்ன மின் அலை ஓடியது என்று தெரியாமலேயே இது தெரிகிறது. கல்லுக்கு எறிந்த கை தெரியாது. இங்கே நகர்த்துவது எதுவோ அது முழுதாக உங்கள் கண்முன் இருக்கிறது. ஸ்டெய்னர் காலூன்றும் இடம் இதுதான் என்று நான் புரிந்துகொண்டேன்.

இன்னும் ஒன்று மட்டும். கூரையில் ஈரத்திட்டு தெரிகிறது. கண் பார்ப்பது கறுத்த திட்டு மட்டுமே. "மேலே கசிகிறது" என்பது கண்ணில் இல்லை, சிந்தனை கொண்டுவந்து சேர்த்தது. நாம் உலகம் என்று சொல்வதில் பாதி புலன்கள் தருவது, மறுபாதி சிந்தனை தருவது. இரண்டும் சேர்ந்தால்தான் முழு உண்மை என்கிறார் அவர். மனதுக்குள் எழும் ஆசைக்கும் இதே கணக்குத்தான். ஆசை தானாக வந்து நிற்கும். அது என்ன, எங்கிருந்து வந்தது, அதன்படி நடக்கலாமா என்பதெல்லாம் நீங்கள் சேர்க்கவேண்டிய மறுபாதி.

நரம்பியல் மாணவி எழுதியது:

ஐயா, புள்ளிகளைப் போட்டுப் பார்த்தேன். அந்த நொடி எனக்கும் கிடைத்தது, மறுக்கமாட்டேன். ஆனால் என் தயக்கத்தைச் சொல்லியே ஆகவேண்டும்.

1977-இல் நிஸ்பெட், வில்சன் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். அதில் ஒரு சோதனை. மேசையில் நான்கு ஜோடி நைலான் காலுறைகள். எது தரமானது என்று தேர்வு செய்யச் சொன்னார்கள். வலது கோடியில் இருந்ததைத் தேர்ந்தவர்கள் இடது கோடியில் இருந்ததைத் தேர்ந்தவர்களைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு. ஏன் என்று கேட்டால் தங்கள் தேர்வுக்குக் காரணம் சொன்னார்கள், ஆனால் வைத்திருந்த இடம்தான் காரணம் என்று ஒருவரும் தாமாகச் சொல்லவில்லை. நேரடியாகக் கேட்டபோதும் பெரும்பாலும் அனைவரும் மறுத்தார்கள். உண்மையில் நான்கு ஜோடியும் ஒன்றே.

இந்த மனிதர்களும் "காரணம் அறிந்து" செய்ததாகத்தானே நம்பினார்கள்? கணக்கில் சிந்தனை வெளிச்சமாக இருக்கலாம். வாழ்க்கையில், குறிப்பாக ராஜினாமா கடிதம் எழுதும்போது, நாம் எல்லோருமே காலுறை வாங்குபவர்கள்தான் என்று பயப்படுகிறேன்.

கூழாங்கல் எழுதியது:

மாணவி சொன்னதோடு என்னுடைய எதிர்ப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சதுரத்தைப் பார்த்தபின் "ஆம், அப்படித்தான்" என்று சொல்லாமல் இருக்க உங்களால் முடியுமா? முடியாது. அப்படியானால் அதுவும் கட்டாயம்தானே? கை எறிந்தால் என்ன, கணக்கு எறிந்தால் என்ன, கல் கல்தான்.

இரவுப்பணி எழுதியது:

மூன்று நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எழுதத் தயக்கம், எனக்குத் தத்துவம் தெரியாது. என் கதையைச் சொல்கிறேன், பயன்படுமா பாருங்கள்.

நான் செவிலியர். 18 வயதில் இந்தப் படிப்பில் சேர்த்துவிட்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. பதினைந்து வருடம் அந்தக் கோபத்தோடுதான் வேலை பார்த்தேன். ஓர் இரவு, பேச்சு போய்விட்ட ஒரு வயதானவருக்கு வாய் உலர்ந்திருந்தது. பஞ்சை நனைத்து உதட்டைத் துடைத்துவிட்டேன். அது பட்டியலில் இருந்த வேலை இல்லை, யாரும் பார்க்கவும் இல்லை. செய்து முடித்து நின்றபோது ஒன்று புரிந்தது. இதை யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. கருணை காட்டவேண்டும் என்ற விதிக்காகவும் செய்யவில்லை. அவருக்கு என்ன தேவை என்று தெரிந்தது, அதற்கு என்னால் என்ன முடியும் என்றும் தெரிந்தது. அவ்வளவுதான்.

மறுநாளும் அதே வேலைக்குத்தான் போனேன். இன்றும் போகிறேன். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் மாறவில்லை. ஆனால் முன்பு தள்ளப்பட்டுப் போனேன், இப்போது நானாகப் போகிறேன். இதைச் சுதந்திரம் என்று சொல்லலாமா?

கூழாங்கல் எழுதியது:

அக்கா, இதைப் படித்துவிட்டு வெகுநேரம் எதையும் எழுத முடியவில்லை.

17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத் தத்துவஞானி ஜான் லாக் ஒரு மனிதனைக் கற்பனை செய்தார். உறக்கத்தில் அவனை ஓர் அறைக்குத் தூக்கிச் சென்று, வெளியே பூட்டிவிடுகிறார்கள். உள்ளே அவன் சந்திக்க ஏங்கிய ஒருவர் இருக்கிறார். விழித்தவன் மகிழ்ச்சியோடு பேசிக்கொண்டு அங்கேயே இருக்கிறான். கதவு பூட்டியிருப்பது அவனுக்குத் தெரியாது. விரும்பித்தான் இருக்கிறான், ஆனால் வெளியேற முடியாது என்பதால் சுதந்திரம் இல்லை என்கிறார் லாக். விருப்பம் வேறு, சுதந்திரம் வேறு. இதுவரை நானும் லாக் பக்கம்தான். உங்கள் கதை அதைக் கொஞ்சம் அசைத்துவிட்டது. கதவு திறந்திருக்கிறதா என்பது ஒரு கேள்வி. உள்ளே இருப்பவர் எதனால் இருக்கிறார் என்பது வேறு கேள்வி. இரண்டையும் நான் ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருந்தேனோ என்று தோன்றுகிறது.

பழைய வாசகர் எழுதியது:

முதலில் செவிலியர் அம்மாவுக்கு. சொல்லலாம். ஸ்டெய்னர் நூலின் இரண்டாம் பாதியை விளக்க எனக்கு ஐந்து பத்தி ஆகியிருக்கும், நீங்கள் பஞ்சையும் உதட்டையும் வைத்துச் சொல்லிவிட்டீர்கள். ஜெர்மானியத் தத்துவஞானி கான்ட் 1785-இல் அறத்துக்கு ஓர் அளவுகோல் தந்தார்: எல்லோருக்கும் சட்டமாக இருக்கலாம் என்று விரும்பத்தக்க கொள்கைப்படி மட்டும் நட. ஸ்டெய்னர் இதில் உடன்படவில்லை. உயர்ந்த விதியானாலும், வெளியிலிருந்து வந்து என்னை நடத்தினால் நான் அதன் வேலையாள் மட்டுமே என்கிறார். ஒரு சூழலில் என்ன செய்யவேண்டும் என்ற எண்ணத்தை நானே கண்டு, அதன்மேல் கொண்ட அன்பால் செய்யவேண்டும். கண்டால் மட்டும் போதாது. பொதுவான எண்ணத்தை இந்த இடத்துக்கு, இந்த மனிதருக்கு ஏற்ற செயலாக உருக்கொடுக்கக் கற்பனை வேண்டும், உலகம் எப்படி இயங்குகிறது என்ற அறிவும் கைத்திறனும் வேண்டும். கருணை பொதுவானது. நனைத்த பஞ்சு நீங்கள் கண்டது.

கூழாங்கல், உங்கள் எதிர்ப்பு நியாயமானது. மறுக்க முடியாமைதான் கட்டாயம் என்றால் கணக்கும் கட்டாயம்தான். ஆனால் சதுரத்தைப் புரிந்துகொண்டபோது உங்களுக்கு எதிராக ஒன்று உங்களைத் தள்ளியதாகவா இருந்தது? என்னைவிட்டு வெளியே நிற்பது என்னை நகர்த்தினால் அது கட்டாயம். நான் ஊடுருவிக் கண்டது என்னை நகர்த்தினால், நகர்வதும் நகர்த்துவதும் இரண்டாக இல்லை. உங்கள் ஸ்பினோசாவும் கடைசியில் இதற்கு அருகில்தான் வந்து நிற்கிறார். 1677-இல், அவர் மறைந்தபின் வெளிவந்த அறநூலின் ஐந்தாம் பகுதிக்கு அறிவின் ஆற்றல், மனித சுதந்திரம் என்றுதானே தலைப்பு? உணர்ச்சியைத் தெளிவாகப் புரிந்துகொண்டால் அதற்கு அடிமைப்படுவது குறைகிறது என்கிறார். கல்லை மட்டும் எடுத்துக்கொண்டு அந்த ஐந்தாம் பகுதியை விட்டுவிடாதீர்கள்.

மாணவியின் காலுறைதான் எனக்கு உண்மையிலேயே கடினம். இரண்டு நாள் யோசித்தேன். அந்த மனிதர்கள் சொன்ன காரணம் தேர்வுக்குப் பின் வந்தது, தேர்வை நடத்தியது அது இல்லை. காரணம் சொல்வது வேறு, காரணத்தைக் கண்டு செய்வது வேறு. ஆனால் உள்ளிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரே சோதனை, அந்தக் காரணத்தைத் தனியே எடுத்து நிறுத்துவது. காலுறைகளைத் திருப்பி அடுக்கிப் பார்த்திருந்தால் அவர்களுக்கே தெரிந்திருக்கும். அந்த அளவுக்கு நின்று பார்க்கும் செயல்கள் ஒரு நாளில் மிகச் சில. சில நாள்களில் ஒன்றுகூட இல்லை. சுதந்திரம் எல்லோருக்கும் எப்போதும் கைவசம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை, ஸ்டெய்னரும் சொல்லவில்லை.

ஒரு எச்சரிக்கை. பிற்காலத்தில் அவர் மானிடஞானம் என்ற ஆன்மிக இயக்கத்தை நிறுவினார். 1919-இல் ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட்டில், அவருடைய கல்விமுறையில் நடக்கும் முதல் வால்டார்ஃப் பள்ளி தொடங்கியதும் அவர் வழிகாட்டலில்தான். அந்தக் காலத்துச் சொற்பொழிவுகளில் இனங்களைப் பற்றி அவர் சொன்ன சில கருத்துகள் கண்டனத்துக்கு உரியவை. அவற்றை நான் ஏற்கவில்லை. 1894 நூலை அதன் வாதத்தை மட்டும் வைத்து எடைபோடுங்கள். ஆசிரியர் சொன்னார் என்பதற்காக ஏற்றுக்கொண்டால் அந்த நூலுக்கே எதிராக நடந்ததாக ஆகும்.

கிழக்குவாசல் எழுதியது:

ஒரு சிறு குறிப்பு. ஊழ் என்று ஓர் அதிகாரம் வைத்து, அதைவிட வலியது எது என்று கேட்ட திருக்குறள்தான், 62-ஆம் அதிகாரமான ஆள்வினையுடைமையில் தளராது முயல்பவர் ஊழையும் புறங்காண்பர் என்கிறது. இந்த இரண்டையும் எப்படிச் சமன்செய்வது என்று பள்ளி நாளிலிருந்தே குழம்பியிருக்கிறேன். இந்த இழையைப் படித்தபின், சமன்செய்யவே தேவையில்லையோ என்று நினைக்கிறேன். "இந்தச் செயலில்" என்று கேட்டால் இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

வினாக்குறி எழுதியது:

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் நன்றி.

ஐயா சொன்னபடி கடிதத்தைக் கிழிக்கவில்லை. மாணவி சொன்ன காலுறையை நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியையும் தனித்தனித் துண்டுத்தாளில் எழுதி, நாளுக்கு ஒன்றாக எடுத்துப் பார்த்தேன். "இந்த வயதில் துணியாவிட்டால் எப்போது" முதல் நாளே விழுந்தது. எதற்குத் துணிய வேண்டும் என்று கேட்டதும் பதில் இல்லை. காணொளி வரியும் நிற்கவில்லை.

அப்பாவின் வரி நின்றது. அதைத்தான் முதலில் தூக்கிப்போடுவேன் என்று நினைத்திருந்தேன், ஏனெனில் அது அச்சு அசலாக அவருடையது. ஆனால் தன்மானம் என்று அவர் சொல்வது ஒன்று, எனக்கு நேர்ந்தது வேறொன்று. ஒரு கூட்டத்தில் எனக்குத் தெரிந்த உண்மையைச் சொல்லாமல் வாய்மூடி இருந்தேன். அதனால் வேறொருவர் பழி சுமந்தார். அன்றிலிருந்துதான் இந்த வேலை கசக்கிறது. இதை எழுதும் வரை எனக்கே தெரியாது. என்னைக் குடைந்தது சம்பளமும் இல்லை, துணிச்சலும் இல்லை, அந்த மௌனம்.

ஆகவே ராஜினாமா கடிதத்தை அனுப்பவில்லை. பழி சுமந்தவரிடம் திங்கட்கிழமை பேசப்போகிறேன். என்ன சொல்வது என்று இரண்டு வரிதான் எழுதியிருக்கிறேன், இரண்டாவது வரியை இன்னும் அடித்துத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.